காட்டுயிரை அதன் நிலத்தோடு படமெடுக்க: புதிதாகத் தொடங்குவோருக்கு

கேமரா வாங்கிய கையோடு பலரும் முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். எப்படியாவது ஒரு புலியைப் படமெடுத்துவிட வேண்டும். வேன் குலுங்கும், ஜன்னலோர இருக்கையில் வேறு யாரோ இருப்பார், பெரும்பாலும் புலி வராது. வந்தாலும் சில வினாடிகளில் உண்ணிப் புதருக்குள் மறைந்துவிடும். அந்தச் சில வினாடிகளில் ஷட்டர் வேகத்தை எங்கே மாற்றுவது என்று பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தால் என்ன கிடைக்கும்? மங்கலாக ஒரு வால் கிடைக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி புலியில் தொடங்கவில்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையில் தொடங்கி, மெதுவாகக் காட்டுப் பக்கம் போகிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் மட்டும் நிறைந்த நெருக்கப் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வண்டலூர் பூங்காவில் கம்பிக்கு வெளியே நின்றும் அப்படி ஒரு படத்தை எடுத்துவிடலாம். ஒரு வரையாடு எந்தப் பாறையில் நிற்கிறது, அதன் கீழே எவ்வளவு ஆழம், அன்றைக்கு மூட்டம் எப்படி இருந்தது, இவையெல்லாம் சேர்ந்து தெரிகிற படம்தான் அந்த ஆட்டைப் பற்றி ஏதாவது சொல்கிறது. புதியவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. இப்படிப் படமெடுக்க லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸ் தேவையில்லை.

1. ஊர் ஏரியில் தொடங்குங்கள்

பக்கத்தில் ஏரியோ கண்மாயோ குளமோ இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. காலை ஆறு மணிக்குக் கரையில் போய் உட்காருங்கள். மடையான், நீர்க்காகம், முக்குளிப்பான், வெண்மார்பு மீன்கொத்தி, தாழைக்கோழி, கம்பியில் கரிச்சான், பனைமரத்தில் பனங்காடை என்று எட்டுப் பத்து வகையாவது கண்ணில் படும். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. கோவையில் உக்கடம், சிங்காநல்லூர் குளங்கள். மதுரையில் சாமநத்தம் கண்மாய். இதற்கெல்லாம் சஃபாரிக் கட்டணம் கிடையாது, நேரக் கட்டுப்பாடு கிடையாது, தவறவிட்டால் மறுநாள் மறுபடி போகலாம்.

ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் முக்கியம். வாரம் ஓர் இடம் என்று சுற்றினால் படம் சேரும், பழக்கம் சேராது. ஒரே இடத்துக்குப் போகப் போக, மீன்கொத்தி எந்தக் கம்பில் உட்காரும், சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் எழும், எந்த மாதத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். பறவைகளும் உங்களுக்குப் பழகும். கரையில் ஆடு மேய்ப்பவரைக் கண்டால் பறக்காத கொக்கு, புதிதாக வந்த உங்களைக் கண்டால் மட்டும் ஏன் பறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் தினமும் வருகிறார், கொக்கை உற்றுப் பார்ப்பதுமில்லை.

2. கருவி

இருப்பதில் தொடங்குங்கள். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய எந்தப் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் போதும். அதோடு 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால், நிலத்தோடு சேர்த்து விலங்கை எடுக்க ஏறக்குறைய முழுமையான கருவி அது. சிறிய சென்சார் கொண்ட கேமராவில் அந்த 300 மி.மீ. சுமார் 450 மி.மீ. போலத் தெரியும். சின்னப் பறவைகளை நெருக்கமாக எடுக்கும் ஆசை வந்தால் அப்புறம் 100–400 அல்லது 150–600 பற்றி யோசிக்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெரிய ஊர்களில் கிடைக்கிறது. 150–600 லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றால், அது வேண்டுமா வேண்டாமா என்று தோள்பட்டையே சொல்லிவிடும். நிக்கான் பி900 போன்ற நீள் ஜூம் கேமராக்களும் பயன்படும். வெளிச்சம் குறைந்ததும் திணறும், அதற்குத் தயாராக இருந்தால் சரி.

கேமராவை விட முதலில் வாங்க வேண்டியது ஒரு 8×42 பைனாகுலர் என்பேன். பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் எடுக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

வண்டியிலிருந்து எடுக்க முக்காலி உதவாது. தடித்த துணியில் பை தைத்து, அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே அரிசியோ பச்சைப்பயறோ நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். கடையில் விற்கும் பீன் பேக் இதுதான்.

3. கேமராவில் என்ன வைக்க வேண்டும்

ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள். அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் கைப்பட மாற்றவும் வேண்டாம். மேனுவல் முறையில் ஷட்டர் வேகத்தையும் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) துளை அளவையும் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு) நீங்கள் வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். காட்டில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதை ஈடுகட்டும் வேலையைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

ஷட்டர் வேகத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: சும்மா நிற்கும் மான், உட்கார்ந்திருக்கும் நாரைக்கு 1/500 வினாடி. நடக்கும் விலங்குக்கு 1/800. பறக்கும் கூழைக்கடா, நாரைக்கு 1/1600. மீனுக்குப் பாயும் மீன்கொத்திக்கு 1/3200ஆவது வேண்டும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். விலங்கின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. இதைக் குழப்பிக்கொண்டு 1/60இல் எடுத்துவிட்டு லென்ஸைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் படம் பொரிப் பொரியாக வருமே என்று பயப்படாதீர்கள். பொரியை மென்பொருளில் குறைக்கலாம். அசைந்து மங்கிய படத்தை எதாலும் சரிசெய்ய முடியாது.

ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். கேனானில் இதற்கு ஏஐ சர்வோ அல்லது சர்வோ என்று பெயர், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் முன்னால் புல்லோ கிளையோ குறுக்கிட்டால் அவையும் ஏமாறும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி நீங்களே கண் மேல் வையுங்கள். கோப்பை ரா வடிவத்தில், அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாகச் சேமியுங்கள்.

வெளிச்ச ஈடு என்று ஒரு பொத்தான் இருக்கும், கூட்டல் கழித்தல் குறியோடு. புதியவர்கள் அதைத் தொடுவதேயில்லை. நம் ஊர்ப் பறவைகளுக்கு அது இல்லாமல் முடியாது. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரும்பச்சைப் புதருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், புதரைப் பிரகாசமாக்குகிறேன் என்று கொக்கின் இறகு விவரங்களையெல்லாம் வெளுத்துவிடும். ஒரு படி கழியுங்கள் (ஒரு படி கழித்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). வெளுத்த வானத்தில் பறக்கும் பருந்து கரிக்கட்டையாக வரும். ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டுங்கள். காட்டுமாடும் கருமந்தியும் ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அவற்றைச் சாம்பலாக்கிவிடும். அரை முதல் முக்கால் படி கழித்தால் கறுப்பு கறுப்பாக இருக்கும். இந்த மூன்றையும் ஏரிக்கரையிலேயே பழகிவிடலாம். கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் எங்கே பஞ்சம்?

4. எங்கே நிற்பது

காலையில் ஏரியின் கிழக்குக் கரையில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். மாலையில் மேற்குக் கரை. இது எல்லோருக்கும் தெரியும். காற்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் அடித்தால், இறங்க வரும் நாரை நேராக உங்களை நோக்கி வரும். காற்று முகத்தில் அடித்தால் நாள் முழுக்கப் பறவையின் பின்பக்கம்தான். கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே எறிந்து பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாலூட்டி விலங்குகளுக்கு இது தலைகீழ்: உங்கள் வாடை அவற்றுக்குப் போகாதபடி, காற்று அவற்றிடமிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும்.

நேராக நடந்து நெருங்காதீர்கள். சாய்வாக, வேறெங்கோ போவது போல நடந்து, இடையிடையே உட்கார்ந்து, மறுபடி கொஞ்சம் நகருங்கள். கொக்கு கழுத்தை நீட்டி, உடம்பை ஒடுக்கி உங்களைப் பார்த்தால் அதோடு நின்றுவிட வேண்டும். இன்னோர் அடி வைத்தால் அது பறக்கும். அன்றைய இரையும் போகும், உங்கள் படமும் போகும். பல நேரம் நடக்கவே தேவையில்லை. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் ஒரே கம்புக்குத் திரும்பி வரும் பழக்கமுள்ளவை. கம்பின் மேல் ஃபோகஸைப் பூட்டி வைத்துவிட்டுக் காத்திருங்கள். கழுகு, பருந்து வகைகள் கிளம்புவதற்குச் சற்று முன்பு எச்சமிட்டு முன்னால் சாய்வதைப் பல முறை பார்க்கலாம். அந்த நொடியில் விரல் தயாராக இருக்கட்டும்.

பறவைகள் நடந்து வரும் மனிதனுக்குப் பயப்படும் அளவுக்கு நிற்கும் காருக்குப் பயப்படுவதில்லை. வயல் ஓரச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, உள்ளேயே இருந்து எடுத்தால் பனங்காடை உங்களைப் பொருட்படுத்தாது.

5. பின்னால் நகருங்கள்

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஃப்ரேமில் விலங்கு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தை விடுங்கள். ஆறில் ஒரு பங்கு, சில நேரம் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் சின்னதாக வைப்பதால் படம் எளிதாகிவிடாது. விலங்கு சின்னதாகும்போது மற்ற எல்லாமே சரியாக இருக்க வேண்டும்.

முதலில், விலங்கு ஒரு சுத்தமான பின்னணியில் விழ வேண்டும். புதருக்கு முன்னால் நிற்கும் புள்ளிமான் சின்னதாக இருந்தால் தெரியவே தெரியாது. அதுவே தண்ணீரின் வெளிச்சத்துக்கோ, மூட்டத்துக்கோ, வானத்துக்கோ எதிரே நின்றால் விரல் நகம் அளவே இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். அது அங்கே வரும்வரை காத்திருங்கள், அல்லது நீங்கள் இரண்டடி இடம் மாறுங்கள். இரண்டடியில் பின்னணி முழுதும் மாறிவிடும்.

அடுத்து, தொடுவானக் கோடோ மலை முகடோ விலங்கின் கழுத்தை வெட்டக் கூடாது. இதற்கு உங்கள் உயரத்தை மாற்றுங்கள். குனிந்தால் விலங்கு வானத்துக்கு மேலே ஏறும், நிமிர்ந்தால் நிலத்துக்குள் இறங்கும். தரையோடு தரையாகப் படுத்து எடுக்கச் சொல்லித்தான் எல்லோரும் கற்றுத்தருவார்கள். தனிப் பறவைக்கு அது சரி, பின்னணி மங்கலாகி அழகாக வரும். ஆனால் நிலத்தைக் காட்டக் கொஞ்சம் உயரம் வேண்டும். உயரத்திலிருந்து பார்த்தால்தான் தண்ணீரும் அதற்கப்பால் நெல் வயலும் அதற்கும் அப்பால் பனைவரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். நம் ஏரிகளுக்குக் கரை என்று ஒன்றைக் கட்டிவைத்தவர்கள் படமெடுப்பவர்களை நினைத்துக் கட்டவில்லைதான், ஆனாலும் அது நமக்கு நன்றாக உதவுகிறது.

துளை அளவு எஃப் 8 அல்லது எஃப் 11 வையுங்கள். பின்னால் உள்ள மலையும் ஓரளவு தெளிவாக வரும். ஃபோகஸ் விலங்கின் மேலேயே இருக்கட்டும். விலங்கு பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். மேய்ந்துகொண்டிருந்தால் தலை நிமிரும்வரை காத்திருங்கள். குனிந்த தலையோடு சின்னதாகத் தெரியும் மான் பாறை போலத்தான் இருக்கும். கூட்டமாக இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தெரியாமல், நடுவே வெளிச்சம் தெரியும் கணத்தில் எடுங்கள். யானைக் கூட்டத்துக்கு இது பெரிய சோதனை. எட்டு யானை, முப்பத்திரண்டு கால், எல்லாம் பிரிந்து தெரிவது அபூர்வம்.

மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்களைத் தேடிப் பாருங்கள். இன்றைய கருவி எதுவும் இல்லாத காலத்தில், கறுப்பு வெள்ளையில், வனத்துறை யானை மேல் அமர்ந்து காட்டுக்குள் போய் எடுத்தவர். தமிழிலும் காட்டுயிர் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நிறத்தின் உதவியே இல்லாமல் ஒரு யானை புல்லிலிருந்து எப்படிப் பிரிந்து தெரிகிறது என்று அவருடைய படங்களில் கவனிக்கலாம்.

6. விலங்கு இல்லாத நாளில் நிலம்

விலங்கு வராத நாட்கள்தான் அதிகம். அன்றைக்கு நிலத்தை எடுங்கள்.

மலையை எடுக்க அகல லென்ஸ்தான் வேண்டும் என்று நினைப்பார்கள். அகல லென்ஸில் மலை சுருங்கி மேடாகிவிடும். 70–200 வரம்பில் எடுத்தால் அடுக்கடுக்கான முகடுகள் நெருங்கி வந்து ஒன்றன் மேல் ஒன்று நிற்கும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் காலை மூட்டத்தில் இது பிரமாதமாக அமையும். அகல லென்ஸை எடுத்தால், காலடியில் ஒரு பாறை, பூ, நீரோடை என்று முன்னால் ஏதாவது இருக்க வேண்டும்.

முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 முதல் 11. சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருங்கள். மாலையில் சூரியன் விழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நல்ல நிறம் பல நாள் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் வரும். ஆனால் யானை நடமாடும் பகுதியில் இந்த யோசனையை மறந்துவிட்டு இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்புங்கள். மூட்டத்தை எடுக்கும்போது முக்கால் படி வெளிச்சம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் புகை போல அழுக்காக வரும். சோலைக் காட்டில் மழைக்குப் பின் இலைகள் எல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டியைத் திருப்பினால் பளபளப்பு போய்ப் பச்சை திரும்பிவிடும். அருவி நீர் பட்டுப் போல வர அரை முதல் ஒரு வினாடி போதும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். ஓடை நடுவே முக்காலி போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

பருவம் பார்த்துப் போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும், தூரத்து மலை தெரியும். கோடையில் இலையுதிர் காடு பழுப்பாகும், தூசும் புகையும் மலையை மறைக்கும். ஆனால் விலங்குகள் தண்ணீருக்கு வரும். குறிஞ்சி பூக்கும் மலையை எடுக்க ஆசைப்பட்டால் பொறுத்திருக்க வேண்டும். மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2018இல் பூத்தது, பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030.

7. ஏரியைத் தாண்டி

கை பழகிய பிறகு போக வேண்டிய இடங்களை எளிதானதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

வேடந்தாங்கல், நவம்பர் முதல் மார்ச் வரை. நீரில் நிற்கும் மரங்களில் கரண்டிவாயனும் நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் பாம்புத்தாராவும் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்லது என்று ஊரார் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே காத்துவரும் ஏரி. ஓய்வு நாளில் கூட்டம் தாங்காது, வார நாளில் போங்கள். மாலையில் மந்தை மந்தையாகப் பறவை திரும்பும் நேரத்தில், ஏரியும் மரமும் வானமும் சேர எடுக்கலாம். திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டோர மரங்களில் கூடு கட்டுகின்றன. ஓட்டு வீடும் நாரைக் கூடும் ஒரே ஃப்ரேமில் வேறெங்கே கிடைக்கும்?

கோடியக்கரை. வெட்டவெளிப் புல்வெளியில் வெளிமான். ஆண் கறுப்பு, முறுக்கிய கொம்பு. பெண் வெளிர் பழுப்பு. மரமே இல்லாத சமவெளியில் நிற்பதால், நிலத்தோடு சேர்த்து எடுக்க இதைவிடப் பொருத்தமான விலங்கு தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. அங்கே ஒரு சிக்கல் கானல். வெயில் ஏறியதும் உப்பு மண்ணின் மேல் காற்று நடுங்கத் தொடங்கும். தூரத்துப் பூநாரைகள் தண்ணீருக்குள் கரைவது போலத்தான் வரும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எட்டரை, ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலை. அதன் பாறைச் சரிவுகளில் வரையாடு நிற்கும். மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் சோலைகளில் சோலைமந்தி, மலை அணில், இருவாச்சி. இங்கே நிலத்தைக் காட்டும் படம் என்றால் தேயிலையையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். தேயிலையை ஃப்ரேமிலிருந்து வெட்டிவிட்டுக் கன்னிக் காடு போலக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டுமாடு தேயிலைப் பாத்தியில் நிற்பதுதான் அந்த ஊரின் நிஜம். மழைக்காலத்தில் அட்டைக்குத் தயாராகப் போங்கள்; காலுறைக்கு மேல் அட்டையுறை போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

மூணாறு அருகே இரவிகுளம். வரையாடுகள் பாதை ஓரத்திலேயே மேயும், கைப்பேசியிலேயே கூட எடுக்கலாம். ஆடுகள் குட்டி போடும் காலத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் வாக்கில், பூங்காவை மூடிவிடுவார்கள்.

அதற்கப்புறம்தான் முதுமலை. வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். வண்டி நின்றதும் எஞ்சினை அணைக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ஓடும் எஞ்சினின் அதிர்வு 1/500இலும் தெரியும். காட்டுத் தீ அபாயமுள்ள மாதங்களில் மூடியிருக்கலாம் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நடந்து காட்டைப் பார்க்க விரும்புபவர்களுக்கு, வனத்துறை 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம்.

8. செய்யக் கூடாதவை

கூட்டைப் படமெடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் விளக்கத்துக்குள்ளேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்கும். வேடந்தாங்கல் மாதிரி தூரக் கரையிலிருந்து நாரைக் குடியிருப்பை எடுப்பது வேறு. மரத்தடியில் போய் நின்று, இலையை விலக்கி எடுப்பதைத்தான் சொல்கிறேன். இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் மரப்பொந்துக்குள் போய், வாயிலைச் சிறு பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்ளும். பல வாரங்களுக்கு அதற்கும் பின்னர் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவருவதுதான் உணவு. கீழே நான்கு பேர் கேமராவோடு நின்றால் ஆண் கிட்டே வரத் தயங்கும். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருப்பவை பட்டினி.

தீனி போட்டு வரவழைக்காதீர்கள். வால்பாறைச் சாலையோரச் சோலைமந்திகளும் வரையாடுகளும் பிஸ்கட்டுக்குப் பழகினால் வண்டியில் அடிபடும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் அதே கணக்குத்தான். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது அலைக்கழியும். தேவாங்கு, ஆந்தை போன்ற இரவு விலங்குகளின் கண்ணில் ஃப்ளாஷும் டார்ச்சும் அடிக்க வேண்டாம். இரவில் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று ஜீப்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்ட மீறல், பிடிபட்டால் உங்களுக்கும் அபராதம். ட்ரோனைச் சரணாலயப் பக்கம் அனுமதியில்லாமல் எடுத்துப்போகவே கூடாது.

காட்டுச் சாலையில் யானையைக் கண்டால் கேமராவை மறந்துவிட்டு வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். இறங்காதீர்கள், ஒலி எழுப்பாதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகாதீர்கள். காதை ஆட்டிக்கொண்டு புல் பிடுங்கும் யானை நிதானமாக இருக்கிறது. காதாட்டம் நின்று, விரித்தபடி உங்கள் பக்கம் திரும்பி, வால் விறைத்தால் பின்னால் போய்விடுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் ஈரக் கோடாக வழியும் கொம்பனிடம் இந்த அடையாளத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே கார்டில் உள்ளதைக் கணினிக்கும் தனி ஹார்டு டிஸ்கிற்கும் இரண்டு பிரதியாக மாற்றுங்கள். பிறகு வேண்டாத படங்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் அழித்துவிடுங்கள். ஒரே கொக்கின் நாற்பது படம் உங்களுக்கு எதற்கு? ராவில் வெளிச்சம், நிழல், வண்ணச் சமநிலை மூன்றையும் சரிசெய்தால் பெரும்பாலும் போதும். இல்லாத நிலவை ஒட்டுவது, குறுக்கே வந்த கிளையை அழிப்பது எல்லாம் வேண்டாம். கூண்டிலோ முகாமிலோ எடுத்த விலங்கு என்றால் படத்தோடு அதையும் எழுதிவிடுங்கள்.

பொதுவில் பகிரும் முன் படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். ஆந்தை, தேவாங்கு, அரிய பறவை என்றால் ஊர்ப் பெயரைக்கூடப் போடாமல் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இடம் தெரிந்த மறு வாரமே அந்த மரத்தடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

கடைசியாக லென்ஸ். ஏசி அறையிலிருந்து நேராகப் புழுக்கமான வெளியில் எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு திறவுங்கள். நம் கடலோர ஊர்களிலும் மலை ஊர்களிலும் ஈரத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். துணிப் பையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே பூஞ்சை கண்ட லென்ஸைச் சுத்தம் செய்யும்வரை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.